எர்னி வீட்டுக் கொல்லையில் ஆறு சரிவுகள்

இந்த வண்டியில் ஏறுவதற்கு ஒரே ஒரு விதி: கீழே பார்க்காதீர்கள். வண்டி என்று சொல்வதே கொஞ்சம் மரியாதை கூடுதல். ஒற்றைத் தண்டவாளம், அதில் வரிசையாகப் பற்கள், அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறும் ஒரு குட்டி எஞ்சின், ஒரு ஆள் உட்கார இருக்கை, பின்னால் பழக்கூடை வைக்க ஒரு தட்டு. அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. எஞ்சின் தடதடக்க, நடக்கிற வேகத்தில், மலைச்சரிவில் நெட்டுக்குத்தாக ஏற ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிகள். காலுக்குக் கீழே கருநீலக் கற்சில்லுகள். அதற்கும் கீழே, எட்டிக் குதித்தால் விழுந்துவிடலாம் போலிருக்கும் தூரத்தில், மோசல் ஆறு.

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் இதற்கு மோனோராக் என்று பெயர். ஜெர்மன்காரர்களின் பொறியியல் மூளையை மெச்சுவதற்குள் ஒரு தகவல்: இது முதலில் ஓடியது ஜப்பானில், மலைச்சரிவில் கமலா ஆரஞ்சு வளர்ப்பவர்கள் பழம் இறக்குவதற்காக! அந்த ஆரஞ்சு வண்டிதான் உலகின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் இன்று ஒயின்காரர்களைச் சுமந்து திரிகிறது.

எதற்காக இவ்வளவு பாடு? சமவெளியில் நட்டுவிட்டு டிராக்டர் ஓட்டினால் ஆகாதா? அதைத்தான் உள்ளே போய்ப் பார்க்கப் போகிறோம். ஒயினைத் தொடாதவர்களும் தாராளமாகக் கூட வரலாம். இது பெரும்பாலும் கல்லும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை பற்றிய கதைதான்.

நாம் எட்டிப் பார்க்கப்போகும் இடம் டாக்டர் லோசன் ஒயின் பண்ணை. பெர்ன்காஸ்டல் ஊரைத் தாண்டியதும் ஆற்றோரம் நிற்கும் பழைய மாளிகை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1988இல் பொறுப்பேற்றவர் எர்ன்ஸ்ட் லோசன். ஒயின் உலகம் முழுக்க அவரை எர்னி என்றுதான் கூப்பிடுகிறது. கைசன்ஹைமில் ஒயின் தொழில்நுட்பம் படித்தார். அதோடு நிற்கவில்லை. மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் தொல்லியலும் படித்தார். மண்ணைத் தோண்டிப் பார்க்கும் ஆசை உள்ள ஒருவர் கையில் இந்தப் பண்ணை வந்து சேர்ந்ததைப் பொருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவருக்கு வந்த சொத்தில் தலையாயவை ஆறு சரிவுகள். எல்லாம் ஒரே ஆற்றின் கரைகளில், ஒன்றிலிருந்து ஒன்று சில கிலோமீட்டருக்குள். எல்லாவற்றிலும் ரீஸ்லிங் என்ற ஒரே வெள்ளைத் திராட்சை. பறிப்பதும் ஒரே கூட்டம், பிழிவதும் ஒரே இடம். ஆனால் குப்பியில் வந்து சேரும் ஒயின் ஆறு விதம்.

குளறுபடி எங்கே நடக்கிறது?

முதல் சந்தேகம் சூரியன்மேல். பெர்ன்காஸ்டல் இருப்பது வடக்கு அட்சம் 50 டிகிரியில். நம் சென்னையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் நேராக உச்சிக்கு மேல் வந்து நிற்கும். மோசலில் அது ஒருநாளும் நடக்காது. ரீஸ்லிங் பழுக்கும் அக்டோபர் நடுவில், நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 31 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறுகிறது. ஒளி சாய்ந்து விழுகிறது; சாய்ந்த ஒளி தரையில் பரந்து நீர்த்துப்போகிறது.

இப்போது கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கு. சமதளத்தில் அந்த அக்டோபர் நண்பகல் ஒளியில் பாதிதான் மண்ணுக்குக் கிடைக்கும். அதே நேரத்தில், தெற்கு பார்த்து 35 டிகிரி சாய்ந்த சரிவுக்கு ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும்! அதே ஊர், அதே சூரியன், அதே நிமிடம். நிலம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு இவ்வளவு பரிசு. ஆற்றின் மறுபக்கம், வடக்கு பார்த்து அதே 35 டிகிரி சாய்ந்த சரிவின் கதி என்ன தெரியுமா? நண்பகலில் ஒரு கீற்று நேர்வெயில்கூட அதன்மேல் விழாது. சூரியன் அந்த மலையின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். அங்கே திராட்சை நட்டவர் வினிகர்தான் விற்றிருப்பார்.

மோசல் ஆறு வேறு ஒரு வம்புக்கார ஆறு. பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து 544 கிலோமீட்டர் ஓடி, கோப்லென்ஸில் ரைன் நதியோடு சேர்கிறது. கடைசிப் பகுதியில் நேராக ஓடவே அதற்குத் தெரியாது. வளைந்து, திரும்பி, வந்த வழியே போவதுபோல் பாசாங்கு செய்து, மறுபடி வளையும். ஒவ்வொரு வளைவிலும் தெற்கு பார்த்த கரை இடம் மாறும். இந்த வளைவில் இடக்கரை ராஜா. அடுத்த வளைவில் வலக்கரை ராஜா. அதனால்தான் இங்கே பல ஊர்களின் வீடுகள் ஒரு கரையிலும் அவற்றின் தோட்டங்கள் எதிர்க்கரையிலும் கிடக்கின்றன. வேலென் ஊர் இடக்கரையில். அதன் புகழ்பெற்ற தோட்டம் வலக்கரையில். தட்டையான, வெயில் குறைந்த பக்கம் மனிதர்களுக்கு. நல்ல பக்கம் கொடிகளுக்கு! யாருக்கு முதல் மரியாதை என்பதில் இவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

அந்தத் தோட்டத்தின் பெயர் வேலெனர் ஸொன்னெனூர். பெயருக்குக் காரணம், நடுச்சரிவில், பாறைமுகத்தில், வெள்ளை அடித்த ஒரு பெரிய சூரியக் கடிகாரம். 1842இல் யோடோகஸ் ப்ரூம் என்பவர் கட்டியது. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நேரம் பார்ப்பதற்காக என்பதுதான் அதன் பயன். எனக்கு அதில் வேறொரு குறும்பும் தெரிகிறது. வெயில் வராத இடத்தில் எவரும் சூரியக் கடிகாரம் வைக்க மாட்டார்கள். "எங்கள் சரிவில் காலையிலிருந்து மாலைவரை சூரியன் இருக்கிறது" என்று எதிர்க்கரைக்காரர்கள் தினமும் பார்க்கும்படி எழுதி ஒட்டிய சுவரொட்டி அது. இன்று அதே விளம்பரம் ஒயின் குப்பிகளின் லேபிள்களிலும் இருக்கிறது.

சரி, இப்போது குனிந்து ஒரு கல்லை எடுங்கள்.

கையளவு சில்லு. ஒரு பக்கம் வழவழப்பு, ஓரம் கத்தி. இரண்டு விரலால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். நிறம் காய்ந்தால் சாம்பல், நனைந்தால் கருநீலம். தெரிந்த முகமாக இருக்கிறதா? இருக்க வேண்டும். முன்பெல்லாம் பிள்ளைகள் மரச்சட்டம் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன சிலேட்டு வேறு இல்லை, இந்த வகைக் கல்தான். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, மேலே மேலே அழுத்தம் ஏறி, இறுகி, தகடு தகடாகக் கல்லானது. இங்கே வீட்டுக் கூரை வேய்வதும் இதே கல்லால்தான். மழை பெய்யும்போது ஊரும் தோட்டமும் ஒரே நிறத்தில் மின்னும்.

கொடிக்கு இந்தக் கல் என்ன செய்கிறது? முதல் வேலை, தண்ணீரை வழியனுப்புவது. சில்லுகளுக்கு இடையில் நீர் நிற்காது, வேர் அழுகாது. மேலே கிடக்கும் சில்லுகளே அடிமண்ணுக்குப் போர்வையாகி, ஈரம் ஆவியாகாமல் காக்கும். இரண்டாவது வேலை, வெப்பத்தை வாங்கி வைப்பது. கறுத்த கல் பகலெல்லாம் வெயில் குடிக்கும். சூரியன் இறங்கியபின் அதைத் திருப்பிக் கொடுக்கும். வெயில் நாளில் மாலை மங்கிய பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் கல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்நாட்டுத் திராட்சைக்கு அந்தக் கூடுதல் சில மணி நேரம் சாதாரண உதவி இல்லை. கீழே ஆறு வேறு தன் பங்குக்கு ஒளியை மேலே திருப்பி அடிக்கிறது, இரவின் கடுங்குளிரைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. மேலே மலையுச்சியில் காடு குளிர்காற்றைத் தடுக்கிறது.

இந்தச் சில்லுகள் அவ்வளவு முக்கியம் என்பதால்தான், மழையில் அடித்துக்கொண்டு கீழே வந்தவற்றை அந்தக் காலத்தில் முதுகுக்கூடையில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். மலையை மலைமேல் ஏற்றுவது! அடுத்த மழையில் அது மீண்டும் இறங்கும் என்று தெரிந்தும்.

மூன்றாவதாக ஒரு ரகசியம். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைத் துடைத்தெடுத்தது. அதன்பிறகு உலகில் பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். ஆனால் சில்லும் பாறையுமான இந்த மண் அந்தப் பூச்சிக்குப் பிடிக்கவில்லை. அதனால் மோசலில் இன்னும் ஒட்டுக்கட்டாத, சொந்த வேரில் நிற்கும் கிழக் கொடிகள் உண்டு. லோசனின் தோட்டங்களில் நூறு வயது தாண்டியவை நிற்கின்றன. அடிமரம் முறுக்கேறிக் கறுத்திருக்கும், காய்ப்பு குறைவு. ஆனால் வேர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கியிருப்பதால், இளங்கொடிகள் வாடும் கோடையிலும் இவை பதறுவதில்லை.

இனி ஆறு சரிவுகளையும் ஒரு சுற்று வருவோம். சமமாக எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கப்போவதில்லை. எனக்குச் செல்லப்பிள்ளைகள் உண்டு.

மாளிகையை ஒட்டியே எழும்புவது பெர்ன்காஸ்டலர் லாய். நீலச் சிலேட்டு, ஆனால் சரிவு சற்றுத் தணிவு, மண் சற்றுக் கனம். ஒயினும் அதற்கேற்ற மாதிரி கொஞ்சம் பூசினாற்போல, அகலமாக இருக்கும். அதையடுத்து கிராகர் ஹிம்மல்ரைக். மண் இன்னும் ஆழம், தண்ணீர்ப் பிடிப்பு உண்டு, வறண்ட ஆண்டுகளில் கைகொடுக்கும். நல்ல தோட்டம், கடந்து போவோம். பிறகு ஸொன்னெனூர். 70 சதவீதச் சாய்வு, அதாவது நாம் கணக்குப் போட்ட அந்த 35 டிகிரி. மேல்மண் என்று சொல்ல ஏதுமில்லை. கல், அதன் கீழே கல். இங்கே வரும் ரீஸ்லிங் ஒல்லியாக, நேர்த்தியாக, வெள்ளைப் பீச் பழத்தின் மணத்தோடு, நாக்கின் ஓரங்களில் மட்டும் நடந்து போகும்.

இந்த மூன்றும் நீலம். அடுத்து ஆறு ஒரு திருப்பம் திரும்புகிறது; கல் சிவக்கிறது!

ஊர்ஸிக் என்ற ஊருக்குப் பின்னால் நிற்கும் வூர்ஸ்கார்டன் சரிவு பார்த்த மாத்திரத்தில் வேறு ஜாதி. செங்கல் நிற மண். சிலேட்டோடு பழைய எரிமலைப் பாறையும் கலந்து கிடக்கிறது. கடற்சேற்றுச் சிலேட்டைவிடக் கோடிக்கணக்கான ஆண்டுகள் இளைய பாறை. பெயருக்கே மசாலாத் தோட்டம் என்று பொருள். ஒயினிலும் அந்தக் காரசாரம், ஒரு மண்வாசம், கொஞ்சம் திமிர். அடுத்தது எர்டனர் டிரெப்ஷன், இரும்புச்சத்து ஏறிய செஞ்சிலேட்டு. ஏற வழியில்லாத சரிவில் கற்படி வெட்டி ஏறியதால் அந்தப் பெயர். இதன் அடிவாரத்தில் 1992இல் ரோமானியர் காலத்துத் திராட்சை பிழியும் கூடம் ஒன்று வெளிப்பட்டது. செயற்கைக்கோள் படம் இல்லை, மண் ஆய்வுக்கூடம் இல்லை; நல்ல சரிவு எது என்று அவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக என் செல்லப்பிள்ளை: எர்டனர் பிரெலாட். மொத்தமே ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டேர். முழுக்கத் தெற்கு பார்த்தது. பின்னாலும் மேலேயும் செம்பாறைச் சுவர்கள் வெயிலை வாங்கிக் கொடிகள்மேல் திருப்பி அடிக்கின்றன. முன்னால் ஆறு, காலடியிலேயே. பள்ளத்தாக்கின் மிகச் சூடான மூலைகளில் ஒன்று. மற்ற தோட்டக்காரர்கள் "பழுக்குமா, பழுக்காதா" என்று நகம் கடித்த மோசமான ஆண்டுகளிலும் இந்தத் துண்டு நிலம் ஏமாற்றியதில்லை. இங்கிருந்து வரும் ஒயின் கெட்டியாக, பழுத்த வெப்பமண்டலப் பழங்களின் வாசத்தோடு, ஸொன்னெனூரின் ஒல்லிக்குச்சி உடம்புக்கு நேரெதிராக வந்து உட்காரும். கொழுத்துப் பழுத்த குலைகளைத் தனியாகப் பொறுக்கி எடுக்கும் அவுஸ்லேஸ வகைக்கு இதற்கு மேல் இடம் தேட வேண்டியதில்லை.

நல்ல நிலம் எது என்று இப்படி வகை பிரித்ததில் முன்னோடிகள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒயின் விமர்சகர்களா? வரி வசூலித்தவர்கள்! அப்போது இந்தப் பகுதி பிரஷ்ய ஆட்சியில் இருந்தது. எந்தத் தோட்டம் எவ்வளவு வருமானம் தருகிறது என்று பார்த்து நிலவரி போட்டார்கள். அந்தக் கணக்கை வைத்து 1868இல் குளோட்டன் என்ற அதிகாரி ஒரு வரைபடம் வெளியிட்டார். அதிக வரி கட்டும் சரிவுகளுக்கு அடர்சிவப்பு, அடுத்த தரத்துக்கு வெளிர்சிவப்பு. இளம் எர்ன்ஸ்ட் லோசன் பண்ணையைக் கையிலெடுத்தபோது நம்பியது இந்தப் பழைய வரைபடத்தைத்தான். அதில் உச்சத் தரத்தில் இருந்த தோட்டங்களின் பெயர்களை மட்டும் தன் லேபிளில் முன்னிறுத்தினார்.

அந்த முடிவுக்கு ஒரு காரணம் இருந்தது. 1971இல் வந்த ஜெர்மன் ஒயின் சட்டம், புகழ்பெற்ற தோட்டப் பெயர்களின் எல்லையை விரித்து, பக்கத்து நிலங்களையெல்லாம் அதே பெயருக்குள் இழுத்துவிட்டது. சரிவு, கல், திசை எதுவும் பொருந்தாத நிலத்துக்கும் பெரிய பெயர்! ஒயின் உலகில் நடந்த மிகப்பெரிய அசட்டுத்தனங்களில் ஒன்று என்பது என் கட்சி. வரி அதிகாரிக்குத் தெரிந்த உண்மை சட்டம் எழுதியவருக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது எல்லோரும் ஆசையாகச் சொல்லும் ஒரு கதைக்கு வருகிறேன். "இந்த ஒயினில் சிலேட்டின் சுவை தெரிகிறது பார்த்தீர்களா?" என்று கோப்பையைச் சுழற்றியபடி யாராவது சொல்வார்கள். நனைந்த கல், கனிமச் சுவை, பாறையின் உயிர் என்றெல்லாம் பேச்சு ஓடும். மயங்கிவிடாதீர்கள். வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழக நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இந்தப் பேச்சுக்குப் பல ஆண்டுகளாகக் குறுக்கே நிற்கிறார். கல்லைக் கொடி உறிஞ்சாது. வேர் எடுப்பது நீரில் கரைந்த சத்துகளை. அதுவும் தனக்கு வேண்டிய அளவுக்கு. அது ஒயினுக்கு வந்து சேரும் அளவில் நாக்குக்கு எட்டும் சுவை இருக்காது. பாறைக்குத் தனியாகச் சுவையும் கிடையாது. சந்தேகமிருந்தால் அந்தச் சில்லை நக்கிப் பாருங்கள்.

என் மனசு மால்ட்மன் பக்கம். ஆனால் அதனால் கல்லுக்கு வேலையில்லை என்று ஆகிவிடாது. வேலை வேறு இடத்தில் நடக்கிறது. எவ்வளவு தண்ணீர், எப்போது, எவ்வளவு வெப்பம், எத்தனை மணிவரை என்று பங்கு போட்டுக் கொடுப்பது கல்லும் சரிவும்தான். அந்தப் பங்கை வைத்துக் கொடி தன் பழத்தைச் செய்துகொள்கிறது. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இலை தழைக்கும், பழம் பெருக்கும், சுவை நீர்க்கும். கொஞ்சம் பட்டினி போட்டால் மணி சிறுக்கும், தோல் தடிக்கும், வாசம் கூடும்.

இதற்கு அழகான சாட்சி ஒன்று உண்டு. வயதான ரீஸ்லிங்கை முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை வரும். பொய்யில்லை! சிலருக்கு அது பேரின்பம், சிலருக்குக் குப்பியைத் தள்ளிவைக்கத் தோன்றும். இது கல்லிலிருந்து வருகிறது என்று நம்பியவர்கள் உண்டு. உண்மையில் டிடிஎன் என்ற ஒரு சேர்மம் காரணம். பழத்திலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து அதன் மூலப்பொருள் உருவாகிறது; வெயில் நேராகப் படும் குலைகளில் அது அதிகம். குப்பிக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது மெல்ல மண்ணெண்ணெயாக அவிழ்கிறது. கல்லின் வாசம் என்று நினைத்துக் கொண்டாடியது வெயிலின் வேலை.

நீலச் சிலேட்டு, செஞ்சிலேட்டு விவகாரத்திலும் இதே சந்தேகம் எனக்கு. லோசன் பண்ணை இந்த வேறுபாட்டைத் தனித்தனிக் குப்பிகளாகவே விற்கிறது. பெர்ன்காஸ்டல், கிராக், வேலென் சரிவுகளின் பழத்தில் நீலச் சிலேட்டு கபினெட் என்ற இலேசான ஒயின்; ஊர்ஸிக், எர்டன் பழத்தில் செஞ்சிலேட்டு உலர் ரீஸ்லிங். குடித்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. முதலாவது இனிப்பு தங்கியது, இரண்டாவது தங்காதது என்பதைக் கழித்துவிட்டாலும் தெரிகிறது. ஆனால் நிறம் மட்டுமா காரணம்? நீலச் சரிவுகள் ஆற்றின் ஒரு நீட்டத்தில், பெரும்பாலும் தென்மேற்கு பார்த்து நிற்கின்றன. சிவப்புச் சரிவுகள் அடுத்த வளைவில், எர்டனில் நேர் தெற்கு பார்த்து. கல் மாறிய அதே இடத்தில் திசையும் மாறிவிட்டது. மண்ணின் ஆழமும் மாறிவிட்டது. இரண்டு சந்தேக நபர்களும் எப்போதும் கைகோத்தே நடந்தால், குற்றவாளி யார் என்று எப்படிச் சொல்வது? ஒயின்காரர்கள் கல்லைக் கைகாட்டுகிறார்கள். கல்லைக் கையில் எடுத்துக் காட்ட முடியும். திசையைக் காட்ட முடியாது. வியாபாரத்தில் அது சின்ன விஷயமில்லை.

தோட்டத்தில் மனிதர்கள் செய்யும் வேலையையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். மற்ற ஊர்களில் கொடிகளைக் கம்பி இழுத்து வரிசையாகக் கட்டுவார்கள். இங்கே செங்குத்துச் சரிவுகளில் கொடிக்கு ஒன்றாகக் கொழுகொம்பு நட்டிருக்கிறது. கம்பி குறுக்கே இல்லாததால் ஆட்கள் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் நடக்கலாம். நேராக ஏறினால் நெஞ்சு வெடிக்கும் சரிவில் அது பெரிய சலுகை. குளிர்காலத்தில் கவாத்து முடிந்ததும் கொடிக்கு நீளமான கிளை இரண்டு மிஞ்சும். அவற்றை வளைத்துக் கொம்போடு கட்ட வேண்டும். வெயில் நாளில் வளைத்தால் படக்கென்று முறியும். அதனால் ஈரமான நாளுக்காகக் காத்திருப்பார்கள். தூறல் விழுந்து ஊரே கதவைச் சாத்தும் நாளில் இவர்கள் மலையேறுவார்கள். இடக்கை கிளையின் நடுவைப் பிடிக்க, வலக்கை நுனியை மெதுவாக, மெதுவாகக் கீழே கொண்டுவரும். நார் நெறிபடும் சின்னச் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, கட்டைவிரலால் தாங்கி, மறுபடி வளைக்க வேண்டும். இரண்டு கிளையும் வளைந்து நுனி கீழே சேர்ந்ததும், கொம்பில் ஓர் இதய வடிவம் தொங்கும். முன்பு வில்லோ மர நாரால் கட்டினார்கள். சரிவு முழுக்க இதயம் இதயமாக! காதலர் தின ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். சாறு ஒரே நுனிக்கு ஓடாமல் எல்லாக் கணுவும் ஒழுங்காகத் துளிர்க்கத்தான் அந்த வளைவு.

மருந்து தெளிக்க ஹெலிகாப்டர் வரும். இப்போது டிரோனும் வருகிறது. அறுவடைக்கு எந்த இயந்திரமும் இந்தச் சரிவில் ஏறாது. கத்தரியும் கூடையும்தான். காட்டுப்பன்றிகள் மேலேயிருந்து இறங்கி வந்து, நாளை பறிக்கலாம் என்று விட்டுவைத்த இனிப்பான குலைகளை மட்டும் குறிபார்த்துத் தின்றுவிட்டுப் போகும். ரசனையில் அவை எந்த விமர்சகருக்கும் சளைத்தவை அல்ல.

நிலவறைக்குள் அவ்வளவு பரபரப்பு இல்லை. உயர்தர உலர் ஒயின்களுக்கு 1000 லிட்டர் கொள்ளும் ஃபூடர் என்ற பழைய மரப்பீப்பாய்கள். மரவாசம் கொடுக்கும் வயதையெல்லாம் என்றைக்கோ தாண்டியவை. பழத்தோலிலும் காற்றிலும் இயல்பாக இருக்கும் ஈஸ்ட்டே சர்க்கரையைத் தின்று புளிக்க வைக்கிறது. ரிசர்வ் வகையை அடிமண்டியோடு இரண்டு ஆண்டு அப்படியே தூங்கவிடுகிறார்கள். இனிப்பு தங்கும் கபினெட்டுக்கோ குளிரூட்டி, வடிகட்டி, புளிப்பதைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஆல்கஹால் எட்டு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இங்கே செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதுதான் அதிகம். சரிவுகள் பிரித்து அனுப்பியதைக் கலக்காமல் காப்பாற்றினால் போதும்.

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் இரண்டு கவலைகள். ஒன்று தலைக்கு மேல் ஓடுகிறது. ஊர்ஸிக் பக்கத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டும் உயர் மோசல் பாலம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. 1.7 கிலோமீட்டர் நீளம், ஆற்றுக்கு மேல் ஏறக்குறைய 160 மீட்டர் உயரம். ஹியூ ஜான்சன், ஜான்சிஸ் ராபின்சன் போன்ற ஒயின் எழுத்தாளர்கள்கூடச் சேர்ந்து எதிர்த்தார்கள். அழகு கெடுகிறது என்பது பாதிப் புகார்தான். மீதிப் பாதி தண்ணீர் பற்றியது: பாலத்தோடு சேரும் நெடுஞ்சாலை, ஸொன்னெனூருக்கும் ஹிம்மல்ரைக்குக்கும் மேலேயுள்ள காட்டு முகட்டில் போகிறது. அந்தக் காட்டில் ஊறும் மழைநீர்தான் பாறை வெடிப்பு வழியே இறங்கிக் கீழே கிழவேர்களுக்குப் போய்ச் சேர்கிறது. மேலே தார் போட்டால் கீழே கோப்பையில் என்ன ஆகும் என்பது உடனே தெரியக்கூடிய கேள்வி இல்லை. பாறை அவசரப்படுவதில்லை.

இன்னொரு கவலை வெயிலே. ரோமானியர் காலத்திலிருந்து துரத்தித் துரத்திப் பிடித்த அதே வெயில். 2019 ஜூலை வெப்ப அலையில் ஜெர்மனித் தோட்டங்களில் குலைகள் கொடியிலேயே வெந்து பழுப்பேறின. முன்பு குலைமேல் வெயில் படட்டும் என்று இலைகளைக் கிள்ளி எறிந்தவர்கள், இப்போது பிற்பகல் வெயில் அடிக்கும் பக்கத்து இலைகளைத் தொடுவதில்லை; நிழல் இருக்கட்டும் என்கிறார்கள். வரி வரைபடத்தில் நிறமே பூசாமல் விட்ட இடங்கள், உயரமான குளிர்ந்த பக்கப் பள்ளத்தாக்குகள், மண் ஆழமான சரிவுகள் எல்லாம் திடீரென்று பெண் பார்க்கப்படுகின்றன. கபினெட்டுக்கு அதிகம் பழுக்காத பழம் வேண்டும்; அது இன்று பிரெலாட் போன்ற அடுப்பங்கரைகளில் கிடைக்காது. நாம் கடந்துபோன ஹிம்மல்ரைக், வேகமாகக் கடந்ததற்கு மன்னிக்க வேண்டும், இந்தப் புதிய கணக்கில் நன்றாகவே மதிப்பெண் வாங்குகிறது.

வாய்ப்புக் கிடைத்து இந்தப் பண்ணைக் குப்பிகள் கையில் வந்தால் ஒரு யோசனை. ஒன்றை மட்டும் திறக்காதீர்கள். ஸொன்னெனூரும் வூர்ஸ்கார்டனும், ஒரே ஆண்டு, ஒரே தரம், பக்கத்தில் பக்கத்தில். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடிக்கும் குளிர்ச்சி வேண்டாம். கொஞ்சம் குளிர் தணியவிட்டால் வாசம் விரியும். நீலம் முதலில், சிவப்பு பிறகு. மாற்றிச் செய்தால் சிவப்பின் சத்தத்தில் நீலம் காதில் விழாது. கூட ஒரு நண்பர் இருந்தால் லேபிளை மறைத்து ஊற்றித் தரச் சொல்லுங்கள். நான் வூர்ஸ்கார்டன் கட்சி. ஒல்லிக்குச்சிக்கு ஆதரவாளர்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியும்.